பெட்டியைச் சுற்றி நின்ற படம்

அம்மா உறையைப் பிரிக்க விடவில்லை.

பாரிசில், மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குப் பின்தெருவில், ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஓர் அறை, ஒரு மூலையில் குசினி, தண்டவாளங்களைப் பார்த்த ஒரு ஜன்னல். இருந்த ஒரே மேசையில்தான் சாப்பாடு, என் படிப்பு, அம்மாவின் உடுப்பு மடிப்பு எல்லாம் நடக்கும். அந்தச் சனிக்கிழமை காலை அம்மா மேசையிலிருந்த எல்லாவற்றையும் கட்டிலுக்கு மாற்றி, ஈரத்துணியால் துடைத்து, நடுவில் அந்தப் பழுப்பு உறையை மட்டும் வைத்திருந்தார். ராணியின் தலை போட்ட முத்திரைகள் அதில் நெரிசலாக ஒட்டியிருந்தன.

"அப்பா வரட்டும். சித்தப்பாவும் வரட்டும். பிள்ளையை எல்லாருமாப் பார்ப்பம்," என்றார்.

பிள்ளை என்று அவர் சொன்னது என் தம்பி யூட்டை. இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, ஒரு மாதம்கூட ஆகாமல், அதே கிராமத்தில் செத்துப்போனவன். அவனை ஒரே ஒரு தரம் எடுத்த படம் அந்த உறைக்குள் இருந்தது. அதற்காக அம்மா இரண்டு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தார்.

உறை வந்த அன்றைக்கு அம்மா தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டியிருந்தார். எனக்குப் பதினொரு வயது இருக்கும். பசித்தது. கேட்கப் பயமாக இருந்தது.

லண்டன் இல்லை

நாங்கள் கப்பலில் பிரான்சுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதினேன். "லண்டனை விட்டுவிட்டு யாராவது பாரிசுக்கு வருவார்களா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, நாங்கள் லண்டனில் இருந்ததே இல்லை. எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து என்றால் லண்டன்தான். மிச்சமெல்லாம் யாரோ வெள்ளைக்காரர் இருக்கிற காடு.

அந்தக் காட்டில்தான் நாங்கள் இருந்தோம். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், பார்த்த இடமெல்லாம் தட்டை நிலம், பீற்றூட் தோட்டம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரி. அம்மா அங்கே தாதி. அப்பா கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான செங்கல் வீட்டு வரிசையில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது.

ஆங்கிலக் கிராமம் என்றால் பிஸ்கற் ரின் மூடியில் போட்டிருக்கிற படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஓட்டு வீடு, ரோசாப்பூ, தேவாலயக் கோபுரம். அதெல்லாம் உண்மைதான், இருந்தது. ஆனால் அந்த மூடியில் சேற்றைப் போடமாட்டார்கள். கொடியில் காயப்போட்ட உடுப்பு பலகை மாதிரி விறைத்துப்போவதைப் போடமாட்டார்கள். கோழிப்பண்ணை நாற்றத்தைப் போட வழியே இல்லை.

புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரி நோயாளர்கள் வரிசையாக ஊர்க்கடைக்கு நடந்து வருவார்கள். ஊர்ச்சனம் கதவைச் சாத்திக்கொள்ளும். எங்களைக் கண்டால் கதவைச் சாத்தாது, பேச்சை மட்டும் நிறுத்திவிடும். நாங்கள் கடந்து போனபிறகு திரும்பத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் எனக்குக் கை தரமாட்டேன் என்றாள். இன்னொருத்தி தந்தாள், தந்துவிட்டுத் தன் கையை விரித்துப் பார்த்தாள். எனக்கு இரண்டாவதுதான் கூடச் சுட்டது.

பக்கத்து வீட்டு மிஸ்ரர் வில்கின்ஸும் அவர் மனைவியும் அப்படி இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். அவர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். வேலிக்கு மேலால் முட்டை தருவார், வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ் தருவார். அம்மா லீக்ஸைச் சுண்டி, அவருக்கே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். அடுத்த நாள் கிண்ணம் கழுவித் திரும்பி வரும். சாப்பிட்டார்களா, கோழிக்குப் போட்டார்களா என்று இன்றுவரை தெரியாது.

முப்பத்தொண்டு

யூட் மாரிகாலத்தில் பிறந்தான். மாதத்துக்கு முந்திப் பிறந்தவன். இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, ஆனால் வளர வளரச் சரியாகிவிடும் என்று டொக்டர்மார் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா தாதி என்பதால் இன்னும் விரைவாக அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று மிஸிஸ் வில்கின்ஸ் தானே பின்னிய மஞ்சள் சட்டையோடு வந்தார். பின்னால் மிஸ்ரர் வில்கின்ஸ், கழுத்தில் கமராவோடு. பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டு வரச் சொல்லி ஜன்னலைக் காட்டினார்.

அம்மா சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினார்.

"இஞ்சாருங்கோ, முப்பத்தொண்டு கழியட்டும் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

நாங்கள் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் பூசைக்காகப் பக்கத்துப் பட்டணத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள். ஆனால் பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்கு, அதற்குள் பச்சைக் குழந்தையைப் படம் எடுத்தால் கண்ணூறு படும் என்கிற விசயத்தில் அம்மாவுக்கு வேதமும் சைவமும் ஒன்றுதான். தாதிப் படிப்பும் அதை அசைக்கவில்லை. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்களாம். என் முதல் படத்தில் நான் கொழுகொழுவென்று மூன்று மாதப் பிள்ளை.

அப்பா அவரிடம், ஒரு மாதத்துக்குப் பிறகு எடுக்கலாம், எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சொன்னார். அப்பாவின் ஆங்கிலம் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எழும்பி வந்தது மாதிரி இருக்கும். மிஸ்ரர் வில்கின்ஸ் சிரித்தார். ஒரு மாதம்தானே, பிள்ளை எங்கே ஓடிவிடப்போகிறது என்றார்.

அந்த மாதம் முடியவில்லை. ஒரு காலை பால் கொடுக்கத் தூக்கியபோது பிள்ளை குளிர்ந்திருந்தது.

அதைப் பற்றி நான் எழுதக்கூடியது அவ்வளவுதான்.

ஸ்ரூல் வேண்டாம்

எங்கள் ஊர்ச் செத்தவீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியை வீட்டு நடுவில் வைத்து, சுற்றிவர உரித்துக்காரர் நிற்க, ஸ்ரூடியோக்காரர் ஒரு ஸ்ரூலில் ஏறி நின்று படம் எடுப்பார். ஏறி நின்றால்தான் முகத்திலிருந்து கால்வரை முழுதாக விழும். பிறகு அந்தப் படம் கனடா, லண்டன், கொழும்பு என்று வரமுடியாமல் போனவர்களுக்கெல்லாம் தபாலில் போகும். அல்பத்தில் கலியாணப் படங்களுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்.

பாரிசில் லா சப்பல் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒரு பிரெஞ்சுப் பிள்ளைக்கு ஒருமுறை ஆசையாக எங்கள் அல்பத்தைக் காட்டினேன். என் மாமா மூக்கில் பஞ்சோடு படுத்திருந்த பக்கம் வந்ததும் அவள் எழும்பித் தன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியே ஏறவில்லை. அவளில் பிழை இல்லை. எங்களிலும் இல்லை.

யூட்டின் பெட்டி வெள்ளை நிறம். என் பள்ளிக்கூடப் பையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த நாட்டில் பெட்டியை மூடித்தான் கொண்டுவருவார்கள். அம்மா கேட்டு வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, கேட்டுத் திறக்கவும் வைத்தார். அடக்கக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய் நின்றார்கள்.

"படம் எடுக்கவேணும்," என்றார் அம்மா. "அக்கா பிள்ளையைப் பார்க்கேல்லை. நானும் இனிப் பார்க்கப்போறேல்லை. அந்த மனிசனைக் கூப்பிடுங்கோ."

அக்கா என்றது எங்கள் சொந்த ஊரில், இளவாலையில் இருந்த என் பெரியம்மாவை. அப்பா வேலியைத் தாண்டிப் போனார். என்ன சொல்லிக் கேட்டாரோ தெரியாது. மிஸ்ரர் வில்கின்ஸ் கறுப்பு ரை கட்டிக்கொண்டு, கமராவை மறைத்துப் பிடித்தபடி வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

அப்பா குசினியிலிருந்து ஸ்ரூலைக் கொண்டுவந்து வைத்தார். மிஸ்ரர் வில்கின்ஸ் கையை அசைத்து வேண்டாம் என்றார்.

நாங்கள் பெட்டிக்குப் பின்னால் நின்றோம். அம்மா நடுவில். மிஸ்ரர் வில்கின்ஸ் கமராவைக் கண்ணில் வைத்தார். என்னை மட்டும் இங்கே பார் என்று விரலால் காட்டினார். நான் பார்த்தேன். இரண்டோ மூன்றோ தரம் அமத்தினார். ஒவ்வொரு தரமும் அந்தச் சத்தம் கேட்டது. அம்மா அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு முழுவதும் அம்மாவின் முகத்தில் நான் கண்ட ஒரே ஆறுதல் அது.

ஊர்த் தேவாலயம் எங்கள் சபை இல்லை. என்றாலும் அங்கேயே ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். பட்டணத்திலிருந்து எங்கள் பூசைச் சுவாமி வந்து குழியை மந்திரித்தார். நிலம் இறுகிப்போயிருந்தது. யாரோ முதல்நாளே வந்து வெட்டிவைத்திருந்தார்கள்.

முடியாத சுருள்

அந்தக் காலத்துக் கமராவில் பிலிம் சுருள் முடிந்தால்தான் கழுவக் கொடுக்கலாம். முடியாமல் கொடுப்பதை வீண் என்று நினைக்கிற ஆட்கள் அவர்கள். மிஸ்ரர் வில்கின்ஸ் வருடத்துக்கு ஒரு சுருள்கூட எடுக்கமாட்டார். கோடையில் டேலியாப் பூ, ஊர்ச்சந்தையில் பரிசு வாங்கிய பூசணிக்காய், நாய். அவ்வளவுதான் அவருக்குப் படம் எடுக்கக்கூடிய உலகம்.

கோடை வருமுன் நாங்கள் கிளம்பவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் வேலைப் பத்திரம் நீடிக்கவில்லை. அப்பாவின் படிப்பு விசாவும் அதோடு போயிற்று. எங்கள் நாட்டில் கலவரம் நடந்து முடிந்த நேரம். திரும்பிப் போவதென்றால் எங்கே போவது? லா சப்பலிலிருந்து சித்தப்பா, "இஞ்சை வாங்கோ அண்ணை, அகதிக் கார்ட் எடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும் காலை மிஸ்ரர் வில்கின்ஸ் வேலியோரம் நின்றார். சுருள் முடிந்ததும் அனுப்புகிறேன் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாரிசில் அம்மா தாதி இல்லை. பிரெஞ்சு தெரியாத தாதியை யார் எடுப்பார்கள்? மெனாஜுக்குப் போனார், அலுவலகங்கள் திறக்குமுன் கழுவித் துடைக்கிற வேலை. அப்பா சித்தப்பாவோடு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். கணக்கியல் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு கிடந்தன. வேலை முடிந்து வந்ததும் அம்மா முதலில் கீழே தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். பிறகுதான் மாடி ஏறுவார்.

அப்பா இரண்டு தரம் எழுதினார். டிசம்பரில் ஒரு நத்தார் வாழ்த்து அட்டைதான் பதிலாக வந்தது. இன்னும் சில படங்கள் மிச்சம் இருக்கின்றன, குளிரில் வெளியே போக முடியவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

"என்ரை பிள்ளை அவன்ரை கமராவுக்குள்ளை கிடக்குது," என்றார் அம்மா. "அவன் பூ பூக்குமட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான்."

அம்மா யாரையும் அவன் இவன் என்று பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த கோடை போனது. இளவாலைப் பக்கம் குண்டு விழத் தொடங்கி, பெரியம்மாவின் கடிதங்கள் நிற்கும், பிறகு சேர்ந்து வரும். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான், பிள்ளையின் படம் வந்ததா.

உறையைப் பிரித்தது

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து, இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்குமுன் உணவகக்காரருக்கு ஒரு இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வந்தார்கள். இருவரிலும் எண்ணெய் மணம். அம்மா கை கழுவச் சொன்னார். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு கத்தியால் உறையை ஓரமாக வெட்டினார்.

முதல் படம் டேலியா. அடுத்ததும் டேலியா. நாய். கையில் கேக்கோடு மிஸிஸ் வில்கின்ஸ். பனியில் தேவாலயக் கோபுரம். அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு கணம் பார்த்து, முகம் கீழே இருக்கும்படி அடுக்கினார். அவசரப்படவில்லை. அவருடைய கையில் இருந்த கட்டு மெலிந்துகொண்டே வந்தது.

பிறகு நாங்கள் வந்தோம்.

மூன்று படங்கள். பின்னால் அந்த வீட்டின் ரோசாப்பூச் சுவர்த்தாள். அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் நெஞ்சோடு படம் முடிந்தது.

அம்மா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உறையைத் தலைகீழாகத் தட்டினார். நெகற்றிவ் துண்டுகள் மட்டும் விழுந்தன.

"பிள்ளை எங்கை?" என்றார்.

அப்பா மூன்று படங்களையும் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையைக் காணேல்லை."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளையன் ஏமாத்திப்போட்டான் அண்ணை. வேணுமெண்டே மேலாலை எடுத்திருக்கிறான்."

"ஏமாத்தேல்லையடா," என்றார் அப்பா. குரல் எழும்பவில்லை. "அவங்கள் செத்த பிள்ளையைப் படம் எடுக்கமாட்டாங்கள். அது அவங்களுக்கு அவமரியாதை. எங்களை எடுத்தாப் போதுமெண்டு நினைச்சிருப்பான். மரியாதைக்குத்தான் செய்திருக்கிறான்."

"அப்ப ஏன் இவ்வளவு காலம் பேய்க்காட்டினவன்? அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது, நீயே சொல்லு பாப்பம்?"

சித்தப்பா சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நெகற்றிவ் துண்டுகளை அள்ளினார். "அண்ணி, எழும்புங்கோ. கழுவுற இடத்திலை ஓரத்தை வெட்டிப்போடுவாங்கள். நெகற்றிவிலை கட்டாயம் இருக்கும். வாங்கோ."

அம்மா செருப்பைப் போட்டார். அந்த நம்பிக்கையை மட்டும் சித்தப்பா கொடுத்திருக்கக்கூடாது.

லா சப்பல் மெற்றோ தலைக்கு மேலால் ஓடும் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு படக்கடை இருந்தது. அங்கே பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வேலைசெய்தார். எங்கள் ஆட்கள் கார்ட்டுக்குப் படம் எடுப்பது அவரிடம்தான். அவர் துண்டுகளை விளக்குக் கண்ணாடியில் வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். மேலே ரயில் போனது. கடை முழுவதும் அதிர்ந்தது. அது போய் முடியும்வரை அம்மா அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில கறுப்பா ஒரு கோடு தெரியுது மதாம், படத்துல வெள்ளையா வரும். லேஸ் துணி மாதிரி. அவ்வளவுதான். நீங்க என்ன தேடுறீங்க?"

"பிள்ளையின்ரை முகம்," என்றார் அம்மா.

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இதுல இல்லம்மா," என்றார். அதுவரை மதாம் என்றவர்.

மூன்று முகங்கள்

நாலு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். ஐந்து மாடியும் அம்மாதான் முன்னால் ஏறினார். மேசையில் மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதை ஊதி அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். நான் அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை.

"நீங்கள் பார்த்தனீங்கள்தானே," என்று அப்பாவிடம் கேட்டார். "சொல்லுங்கோ. பிள்ளையின்ரை முகம் எப்பிடி?"

அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நெத்தி உம்முடையதுதான். அகண்ட நெத்தி. தலைமயிர் கொஞ்சம். கன்னத்திலை ஒரு சின்ன மறு இருந்தது, இடப்பக்கம்."

"மறு இல்லையே," என்றார் அம்மா.

"இருந்தது. நான் துடைச்சுப் பார்த்தனான்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "றீற்றா, நீ சொல்லு. நீ பக்கத்திலைதான் படுத்தனி."

எனக்கு அவனுடைய தலைமயிர்தான் நினைவில் இருந்தது. கறுப்பாக, அடர்த்தியாக, காதுவரை இறங்கியிருந்தது. விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன். "நிறைய மயிர் அம்மா," என்றேன். "மூக்குச் சப்பை. நித்திரையிலை வாயைத் திறந்துகொண்டிருப்பான்."

"மயிர் கொஞ்சம்தான் பிள்ளை," என்றார் அப்பா.

"இல்லை அப்பா, நிறைய. காதுமட்டும்."

"அது நீ பிறக்கேக்கை. உனக்குத்தான் அப்பிடி."

நான் விடவில்லை. எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. அப்பாவும் விடவில்லை. இல்லாத ஒரு பிள்ளையின் தலைமயிருக்காக நாங்கள் இருவரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு தன் ஈரம் காயாத சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

"போதும். நிப்பாட்டுங்கோ," என்றார். "எனக்குத் தெரிஞ்ச பிள்ளைக்கு மறுவும் இல்லை, சப்பை மூக்கும் இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல என்னட்டை இருக்கிறதும் அழியுது. ஒருத்தரும் இனி அவனைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ."

காதைப் பொத்தியபடியே கண்ணையும் மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. செபமா, எண்ணிப் பார்க்கிறாரா, நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாரா, எனக்குத் தெரியாது.

சித்தப்பா வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. சத்தம் கேட்கக்கூடாது என்று சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய், கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து போட்டார். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அம்மா கண்ணைத் திறக்கும்வரை அப்பாவும் நானும் ஒரு சொல் பேசவில்லை. யூட்டின் முகத்தைப் பற்றி அதற்குப் பிறகும் பேசவில்லை, அம்மா இருந்த காலம் முழுவதும்.